நோட்ஸைக் கடைசியில் திறங்கள்: பி.ஏ. ஆங்கிலத்தில் கவிதை, சினிமா, கட்டுரைக்கு முழுமையான வழிகாட்டி

ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோபியில் என் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தியூர், பவானி, பெருந்துறைப் பக்கமிருந்து பஸ் ஏறி வருபவர்கள். எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் போதாமல் விழுபவர்கள் குறைவு. வரிசை மாறிப்போய் விழுபவர்கள்தான் அதிகம்.

முதலில் நோட்ஸ் வாங்குகிறார்கள். அதிலுள்ள சுருக்கத்தை மனப்பாடம் செய்கிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் கவிதையைப் புரட்டுகிறார்கள். இதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். எப்படி என்பதை ஒரே கவிதையை வைத்துச் செய்து காட்டுகிறேன்: ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதை. தனியாகத் திரியும் ஒருவர் ஏரிக்கரையில் கூட்டமாகப் பூத்த மஞ்சள் பூக்களைப் பார்க்கிறார், பிறகு அதை நினைத்து மகிழ்கிறார். மொத்தம் 24 வரி. ஏதாவது ஒரு வகுப்பில் உங்களுக்கும் வந்திருக்கும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மூலம் வேண்டும். முழுக் கவிதை, முழு நாவல். பழைய படைப்புகள் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாவல்களுக்குக் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். ஆகஸ்டில் ஈரோட்டில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் வாங்கலாம். கவிதையைப் போனில் படிக்காதீர்கள். பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் இடம் விட்டுப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதப்போகும் கட்டுரை அந்த ஓரத்து இடத்தில்தான் பிறக்கப்போகிறது.

பேனா வேண்டாம், பென்சில். முதலில் தோன்றுவதில் பாதி தப்பாக இருக்கும், அழித்து எழுத வேண்டிவரும்.

அகராதி இரண்டு. ஒன்று லிஃப்கோ போலத் தமிழிலும் பொருள் தருவது. இன்னொன்று ஆங்கிலத்திலேயே பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவது. தமிழ்ப் பொருள் சட்டென்று விளங்கவைக்கும். ஆனால் அந்தச் சொல்லை எந்த இடத்தில், எந்தத் தொனியில் பயன்படுத்துவார்கள் என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

அப்புறம் சிலபஸ் தாள். உங்கள் பாடம் டீடெயில்டா நான்-டீடெயில்டா என்று பார்த்துவிடுங்கள். டீடெயில்டு என்றால் வரி வரியாகக் கேட்பார்கள்.

2. வாய்விட்டு மூன்று முறை

முதல் முறை அகராதியைத் தொடாதீர்கள். தெரியாத சொல் வந்தால் கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் ஓசை அறுந்துவிடும். ஓசை அறுந்தால் வாக்கியமும் கையில் சிக்காது.

இரண்டாம் முறை வரி முடிவில் நிற்காமல் நிறுத்தற்குறி வரும் இடத்தில் மட்டும் நின்று படியுங்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: ஒரு வரியை ஒரு வாக்கியம் என்று எடுத்துக்கொள்வது. டாஃபடில்ஸ் கவிதையின் முதல் ஆறு வரிகளும் சேர்ந்து ஒரே வாக்கியம். ‘நான் திரிந்தேன், அப்போது பார்த்தேன்’ என்பதுதான் அதன் எலும்பு. மற்றதெல்லாம் எங்கே, எப்படி என்று அதன்மேல் ஒட்டிக்கொண்டிருப்பவை. எழுவாயையும் வினையையும் வட்டமிட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மூன்றாம் முறை பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நாக்கு எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். பெரும்பாலும் கவிஞர் வேண்டுமென்றே எதையோ செய்திருக்கும் இடமாக அது இருக்கும்.

3. பதவுரை: தெரிந்த சொல்தான் ஆபத்து

பள்ளியில் செய்யுளுக்குப் பதவுரை எழுதியிருப்பீர்கள். அதே வேலைதான். கோடு போட்ட சொற்களுக்கு இப்போது அகராதி பாருங்கள்.

ஆனால் தெரியாத சொல் யாரையும் ஏமாற்றாது. அதை எல்லோரும் தேடிவிடுவார்கள். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். இந்தக் கவிதையில் பூக்களை மகிழ்ச்சியான ‘கம்பெனி’ என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. மகிழ்ச்சி என்பதற்கு அங்கே வரும் ‘ஜாகண்ட்’ என்ற கடினமான சொல்லை எல்லோரும் தேடிவிட்டார்கள். கம்பெனியை ஒருவரும் தேடவில்லை. திருப்பூரில் அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டுப் பையன் ஒருவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, பூவு எதுக்குங்க கம்பெனிக்குப் போகுது?” நல்ல கேள்வி. பொருந்தவில்லை என்று அவனுக்குப் பட்டது, கேட்டான். மற்றவர்களுக்கு அதுகூடப் படவில்லை.

அங்கே கம்பெனி என்றால் உடனிருப்போர், துணை. அதே போல ‘ஹோஸ்ட்’ என்றால் டிவியில் நிகழ்ச்சி நடத்துபவர் இல்லை; பெருந்திரள், படை. ‘கே’ என்ற சொல் அந்தக் காலத்தில் ‘மகிழ்ச்சியான’ என்ற பொருளில் வழங்கியது. ஆகவே விதி இது: தெரியாத சொல்லுக்கு ஒற்றைக் கோடு, தெரிந்தும் பொருந்தாத சொல்லுக்கு இரட்டைக் கோடு. இரட்டைக் கோட்டை முதலில் தேடுங்கள்.

டாஃபடில் பூவை நம்மில் பலரும் பார்த்ததில்லை. ஒரு படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமாக மஞ்சள் பூத்திருப்பது எப்படி இருக்கும் என்பதற்கு, காங்கேயம் பக்கம் வறண்ட காட்டோரத்தில் ஆவாரம்பூ பூத்துக் கிடப்பதை நினைத்துக்கொண்டாலும் போதும். அது உங்களுக்கு விளங்குவதற்கு மட்டும். கட்டுரையில் எழுத வேண்டாம்.

இது முடிந்ததும் ஐந்தே வரியில் தமிழில் பொழிப்புரை எழுதுங்கள். எழுதி முடித்ததும் இன்னும் கட்டுரை தொடங்கவில்லை என்பதை ஞாபகம் வையுங்கள். நான் பார்த்த விடைத்தாள்களில் பெரும்பாலானவை பொழிப்புரையோடு நின்றுவிட்டவை. கவிதை என்ன சொல்கிறது என்பது திருத்துபவருக்கும் தெரியும். எப்படிச் சொல்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

4. யார் கூற்று?

இது நமக்குப் பழகிய விஷயம், ஆனால் ஆங்கில வகுப்புக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறது. குறுந்தொகைப் பாட்டுக்கு ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று போட்டிருக்கும். பாடியவர் ஆண் புலவராக இருப்பார், பேசுவது தலைவியாக இருக்கும். நாம் குழம்பியதே இல்லை. ஆங்கிலக் கவிதை என்றதும் ‘நான்’ என்று வந்தாலே ‘கவிஞர் தன் அனுபவத்தைச் சொல்கிறார்’ என்று எழுதிவிடுகிறோம்.

பேசுபவர் வேறு, எழுதியவர் வேறு என்று பிரித்து வையுங்கள். ஆங்கிலத்தில் கவிதைக்கு ‘ஸ்பீக்கர்’, கதைக்கு ‘நரேட்டர்’ என்று எழுதுங்கள். ஏன் பிரிக்க வேண்டும் என்பது ஏழாவது படியில் தெரியும்.

5. கவனித்ததைத் தமிழில் பட்டியல் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான்கு கேள்விகள் போதும். எது திரும்பத் திரும்ப வருகிறது? எது மாறுகிறது? எது பொருந்தாமல் நிற்கிறது? இருக்க வேண்டியது எது இல்லை?

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால், எழுதத் தெரிந்ததை மட்டும்தான் கவனிப்பீர்கள். தமிழில் எழுதினால் கவனித்ததையெல்லாம் எழுதுவீர்கள்.

எங்கள் திண்ணையில் கிடைத்த பட்டியல் இது. நடனம் என்ற சொல் ஏதோ ஒரு வடிவில் நான்கு பத்தியிலும் வருகிறது. கூட்டம், படை, துணை என்று மனிதர்களுக்குச் சொல்லும் சொற்களெல்லாம் பூக்களுக்குச் சொல்லப்படுகின்றன. மனிதர் என்று வேறு யாருமே கவிதையில் இல்லை. முதல் மூன்று பத்திகள் இறந்தகாலம், கடைசிப் பத்தி நிகழ்காலம். தொடக்கத்தில் ‘லோன்லி’ என்று வருகிறது, முடிவில் ‘சாலிட்யூட்’ என்று வருகிறது.

கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடித்த பெண், இரண்டுக்கும் லிஃப்கோவில் தனிமை என்றே பொருள் பார்த்துவிட்டு முதலில் அடித்துவிட்டாள். அப்புறம் இரண்டாவது அகராதியைப் பார்த்தாள். ஒன்று வருத்தும் தனிமை, இன்னொன்று விரும்பி இருக்கும் தனிமை. “இது ஏகாந்தமுங்க அக்கா” என்றாள். தமிழில் யோசித்ததால்தான் அந்தச் சொல் அவளுக்கு வந்தது.

6. ஒரே ஒரு கருத்தை நிறுத்துங்கள்

பட்டியலிலிருந்து கட்டுரை தாங்கும் ஒரு வாக்கியத்தை எடுக்க வேண்டும். இதைத்தான் ‘தீசிஸ்’ என்கிறார்கள். அதைச் சோதிக்க ஒரு வழி: நியாயமான ஒருவர் இதை மறுக்க முடியுமா? ‘இந்தக் கவிதை இயற்கையின் அழகைப் பாடுகிறது’ என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். மறுக்க ஆளில்லாத இடத்தில் நிரூபிக்கவும் எதுவுமில்லை. அதனால்தான் அப்படித் தொடங்கும் கட்டுரைகள் இரண்டாம் பத்தியிலேயே பேச்சு தீர்ந்து நிற்கின்றன.

எங்களுடைய வாக்கியம்: பூக்களைப் பார்த்த கணத்தில் தனிமை தீரவில்லை; பிறகு நினைத்துப் பார்க்கும்போதுதான் அது ஏகாந்தமாக மாறுகிறது. இதை மறுக்கலாம். பார்த்த கணத்திலேயே மகிழ்ந்ததாக மூன்றாம் பத்தியில் வருகிறதே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே ஒரு பத்தி ஆகிவிடும். அதே மூன்றாம் பத்தியில், அந்தக் காட்சி தனக்கு என்ன செல்வம் தந்தது என்று அப்போது எண்ணவில்லை என்றும் வருகிறதல்லவா, அதுதான் நம் பதில்.

7. இப்போது நோட்ஸைத் திறக்கலாம்

நோட்ஸ் தப்பான பொருள் இல்லை, அதன் இடம் இது. கையில் ஒரு கருத்தோடு திறந்தால் எது தேவை, எது வேண்டாம் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் திறந்தபோது மூன்று செய்திகள் கிடைத்தன. ஒன்று: 1802 ஏப்ரல் 15 அன்று அந்த ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வொர்த் தனியாக நடக்கவில்லை. தங்கை டோரத்தி கூட இருந்தார். அந்தப் பூக்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார். இரண்டு: கவிதை 1807இல் மூன்று பத்திகளோடு வெளிவந்தது; நட்சத்திரங்களோடு ஒப்பிடும் இரண்டாம் பத்தி 1815இல் சேர்ந்தது. மூன்று: அகக்கண்ணையும் ஏகாந்தத்தையும் சொல்லும் அந்த இரண்டு வரிகளைத் தந்தவர் மனைவி மேரி. வேர்ட்ஸ்வொர்த்தே அதைச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. “அக்கா, அப்ப நாம எழுதுனது தப்புங்களா? அந்தச் சொல்லே அவருது இல்லைங்களே.”

தப்பில்லை. நாம் கவிதையைப் பற்றித்தான் கருத்துச் சொன்னோம், அவருடைய வாழ்க்கையைப் பற்றி இல்லை. தங்கையோடு நடந்தவர், பேசுபவரைத் தனியாளாக ஆக்கியிருக்கிறார் என்றால் அந்தத் தனிமை கவிதைக்காகவே உண்டாக்கியது. நம் கருத்துக்கு இது இன்னும் பலம். கூற்றைப் பிரித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஏகாந்தத்தைச் சொல்லும் கவிதைக்குள் தங்கையின் கண்ணும் மனைவியின் வரியும் இருப்பதை எதிர்ச்சான்றாக அவளே ஒரு பத்தி எழுதினாள். கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பத்தி அதுதான். இந்த மூன்று செய்திகளை முதலிலேயே படித்திருந்தால் வெறும் தகவலாக மனப்பாடம் ஆகியிருக்கும்.

நோட்ஸுக்குப் பதில் போனில் ஏஐ-யிடம் கேட்பவர்களுக்கும் இதே வரிசைதான். அது தரும் மேற்கோளை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். இல்லாத வரியையும் இருப்பதுபோல உறுதியாகச் சொல்லிவிடும்.

8. சினிமா என்றால்

படத்தை ஒருமுறை முழுதாக, சாதாரணமாகப் பாருங்கள். பிறகு மூன்று நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் படத்தையும் பற்றி எழுதினால் அது கதைச்சுருக்கமாகத்தான் முடியும்.

அந்த மூன்று நிமிடத்தை ஒலியை அணைத்து ஒருமுறை பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு கிட்டத்தில், எப்போது வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வசனம் ஓடும்போது மனது கதைக்குப் போய்விடும். அடுத்து, போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேளுங்கள்.

ஒலியில் மௌனமும் சேரும். இதை விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, பள்ளிபாளையத்தில் தறிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி விளக்கினாள். நாள் முழுதும் தறி ஓடும் சத்தம் அவர்கள் காதில் விழவே விழாதாம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்களாம். காட்சியில் ஒலி எங்கே நிற்கிறது என்று அவளைப் போலக் கவனியுங்கள்.

இப்போது நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்: ஷாட் எண், தூரம், ஒலி, அடுத்த ஷாட்டுக்கு எப்படிப் போகிறது. ஒரு காட்சிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ‘கேமரா நன்றாக இருக்கிறது’ என்ற வாக்கியம் உங்கள் கட்டுரையில் வராமல் காப்பாற்றப் போவது இந்தக் கட்டம்தான். க்ளோசப் என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது. அந்த இடத்தில் முகத்தைத் தவிர வேறு எதையும் நாம் பார்க்காமல் செய்வதால் என்ன நடக்கிறது என்று ஒரு வாக்கியம் சேருங்கள்.

நாவலிலிருந்து வந்த படம் என்றால் ‘நாவல்தான் சிறந்தது’ என்று எழுதுவதுதான் வழக்கமான சறுக்கல். ஆர்.கே. நாராயணின் ‘த கைடு’ நாவல் 1958இல் வந்தது. விஜய் ஆனந்த் இயக்கிய இந்திப் படம் 1965இல் வந்தது. நாவலின் முடிவில், மழை வேண்டி உண்ணாவிரதம் இருக்கும் நாயகன் ராஜு, மலையில் மழை பெய்வதை உணர்வதாகச் சொல்லிச் சரிகிறான். மழை வந்ததா, அவன் பிழைத்தானா என்று நாவல் சொல்வதில்லை. படத்தில் மழை கொட்டுகிறது, அவன் இறக்கிறான். படத்தில் செய்த மாற்றங்கள் நாராயணுக்குப் பிடிக்கவில்லை. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லாமல், மழையைக் காட்டிவிட்டதால் ராஜுவைப் பற்றி நாம் நினைப்பது எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே நான்கு பக்கம் எழுத வைக்கும்.

9. எழுதும் வரிசை: நடுவிலிருந்து தொடங்குங்கள்

முன்னுரையை முதலில் எழுதாதீர்கள். வந்து சேராத விருந்தாளியை அறிமுகப்படுத்த முடியாது. முன்னுரையில் உட்கார்ந்தால் கவிஞரின் பிறந்த ஊர், பிறந்த வருஷம் என்று பக்கம் நிறைந்துவிடும்.

சான்றுகளில் உங்களுக்கு மிக உறுதியாகத் தெரிவது எதுவோ அந்தப் பத்தியை முதலில் எழுதுங்கள். எங்களுக்குக் கால மாற்றம். பிறகு லோன்லி, சாலிட்யூட் பத்தி. பிறகு எதிர்ச்சான்று. இந்த மூன்றும் வந்தபிறகு முன்னுரை ஆறு வரியில் தானாக அமையும்.

ஒவ்வொரு பத்தியிலும் மேற்கோளுக்கு முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் இரண்டு வாக்கியம் இருக்க வேண்டும். பின்னால் வருவதில், மேற்கோளில் உள்ள எந்தச் சொல் அந்த வேலையைச் செய்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். மேற்கோளை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் படிப்பவர் அதை எதற்கு வைத்தீர்கள் என்று ஊகிக்க வேண்டும்.

10. ஆங்கில வாக்கியத்தில் வரும் இடறல்கள்

தமிழில் ‘போய், பார்த்து, யோசித்து, வந்து சொன்னான்’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் அப்படிக் கோத்தால் எழுவாய் தொலைந்துபோகும். வினையெச்சம் வரும் இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்து, எழுவாயோடு புது வாக்கியம் தொடங்குங்கள். பாதிப் பிழை இதிலேயே போய்விடும்.

கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுங்கள். யார் எப்போது புத்தகத்தைத் திறந்தாலும் அது அப்போதுதான் நடக்கிறது. எழுத்தாளர் வாழ்வில் நடந்தது மட்டும் இறந்தகாலம்.

நாடகத்தையும் சிறுகதையையும் ‘நாவல்’ என்று எழுதுவது சின்னப் பிழை மாதிரி தெரியும், ஆனால் மூலத்தைப் படிக்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

11. ஆதாரம் குறிப்பது

எம்.எல்.ஏ. முறை (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற அமைப்பு வகுத்த, ஆதாரம் குறிக்கும் முறை) என்றால் 9ஆம் பதிப்பு, 2021இல் வந்தது. உரைநடைக்குப் பக்க எண், கவிதைக்கு வரி எண், படத்துக்கு மணி-நிமிடம்-நொடி. மேற்கோளை எடுக்கும்போதே எண்ணையும் எழுதிவிடுங்கள். கடைசி இரவில் 200 பக்கத்தைப் புரட்டித் தேடும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

12. தேர்வறையில்

நோட்டில் செய்த எல்லாவற்றையும் அங்கே செய்ய நேரமிருக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கருத்து, மூன்று சான்று, ஒரு எதிர்ச்சான்று என்று அரைப் பக்கத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முந்தின நாள் அதை மட்டும் பாருங்கள். மேற்கோள் நீளமாக வேண்டாம், நாலைந்து சொல் போதும். நீண்ட மேற்கோளில்தான் சொல் மாறிப்போகும்.

கேள்வியைப் படித்ததும் அதில் உள்ள வினையை வட்டமிடுங்கள். விளக்கச் சொன்னால் ஒன்று, ஒப்பிடச் சொன்னால் வேறொன்று. பிறகு விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நான்கு வரித் திட்டம். மூன்று நிமிடம் ஆகும். எழுதி முடித்ததும் அந்தத் திட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள், திருத்துபவர் அதையும் விடை என்று நினைக்காமல் இருக்க.